படி உடைந்தால் யார் பொறுப்பு? ரோம் ஜன்னலில் இருந்து எங்கட போர்டிங் வரை

போன வருஷம் மாசி மாதம். இரவு ஏழரை மணி இருக்கும், கரண்ட் இல்லை. நாங்கள் ஆறு பேர் இருக்கிற போர்டிங்கில் மேல்மாடிக்குப் போக வீட்டுக்கு வெளியால ஒரு படிக்கட்டு இருக்கு. கைபிடிக் கம்பி துருப்பிடித்து எப்பவோ கழன்றுவிட்டது. மேலிருந்து நாலாவது படியின் விளிம்பு உடைந்து, உள்ளே இருக்கிற கம்பி தெரியும். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். "நாலாவதில கவனம்" என்று புதிதாக வருகிற ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே ஒரு வழக்கமாகிவிட்டது.

அன்றைக்கு எங்கட தோழி ஒருத்தி அந்த நாலாவது படியில்தான் சறுக்கினாள். வலது மணிக்கட்டு முறிவு. நாடியில் ஏழு தையல். இரண்டு வாரத்தில் இருந்த செமஸ்டர் சோதனையை அவளால் எழுத முடியவில்லை. வீட்டுக்கார அன்ரி நல்ல மனுஷி. அன்றிரவு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தவ. ஆனால் திரும்பி வரும்போது அவ சொன்னது எங்களுக்குள்ளே நின்றுவிட்டது. "என்ன செய்யிறது பிள்ளையள், பாத்து இறங்கியிருக்கலாம்தானே."

நாங்களும் தலையாட்டினோம். அதுதான் பிறகு உறுத்தியது. படி உடைந்திருந்தது. கம்பி இல்லை. மாதாமாதம் காசு கொடுக்கிறோம். இருந்தும் பிழை விழுந்தவளில்தான் என்று எங்களுக்கே பட்டது. ஏன்?

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்குச் சட்டம் பாடம் இல்லை. ஆனால் அந்தத் தவணை புராதன ரோம் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அதற்காக வாசிக்கப் போன இடத்தில், எங்கட படிக்கட்டின் கேள்வியை மனிதர்கள் நாலாயிரம் வருஷத்துக்குக் கிட்டக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ரோமில் கேட்ட கேள்விக்கும் இலங்கையில் இன்றைக்கு நடைமுறையில் உள்ள சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்பதும் தெரிந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

வீடு விழுந்தால் உயிருக்கு உயிர்

பழைய பதில்களில் ஒன்று பபிலோனில் இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 1750ஐச் சேர்ந்த ஹமுராபியின் சட்டத் தொகுப்பு கருங்கல் தூண் ஒன்றில் செதுக்கப்பட்டது. இன்றைக்கு அந்தத் தூண் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதில் கட்டடம் பற்றிய விதிகள் கொஞ்சம் பயங்கரமானவை. கட்டியவன் உறுதியாகக் கட்டாமல் வீடு விழுந்து வீட்டுக்காரன் செத்தால், கட்டியவனுக்கு மரணம். வீட்டுக்காரனின் மகன் செத்தால், கட்டியவனின் மகனுக்கு மரணம். அடிமை செத்தால் பதிலுக்கு ஓர் அடிமை. பொருள் அழிந்தால் பொருளுக்கு ஈடு. அதோடு வீட்டையும் தன் செலவில் திரும்பக் கட்டிக் கொடுக்க வேண்டும்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்கலாம். முதலாவது, பொறுப்பு கட்டியவனில் இருக்கிறதே தவிர வைத்திருப்பவனில் இல்லை. இரண்டாவது, மகன் என்ன பிழை செய்தான் என்று யாரும் கேட்கவில்லை. நட்டத்தைச் சமன் செய்வதுதான் நோக்கம். "யார் கவனமில்லாமல் இருந்தது?" என்ற கேள்வி இன்னும் பிறக்கவில்லை.

ரோமின் மாடிவீடுகள்

ரோம் நகரத்தில் பெரும்பாலான சனங்கள் இருந்தது பளிங்கு மாளிகைகளில் இல்லை. "இன்சுலா" என்று சொல்லப்பட்ட பல மாடி வாடகைக் கட்டடங்களில். கீழே கடைகள். மேலே போகப் போக அறைகள் சின்னதாகும், வாடகையும் குறையும். ஏழைகள் உச்சியில் இருப்பார்கள். லாபத்துக்காக உயர உயரக் கட்டினார்கள், அவை அடிக்கடி விழுந்தன, எரிந்தன. வீதியோரக் கட்டடங்கள் 70 அடிக்கு மேல் போகக் கூடாது என்று பேரரசர் அகஸ்டஸ் உத்தரவு போட வேண்டியிருந்தது.

வீட்டுச் சொந்தக்காரர் பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு சிசரோவே சாட்சி. பேச்சாளர், தத்துவவாதி என்று நாங்கள் படித்த அதே சிசரோதான். அவரும் வாடகைக் கட்டடங்கள் வைத்திருந்தார். கி.மு. 44இல் நண்பர் அத்திகஸுக்கு எழுதிய கடிதத்தில், தன்னுடைய இரண்டு கடைகள் இடிந்துவிட்டதையும் மற்றவை வெடித்துப்போய் நிற்பதையும் சொல்கிறார். குடியிருந்தவர்கள் மட்டுமில்லாமல் எலிகளும் இடம்பெயர்ந்துவிட்டதாம். பகிடியாகத்தான் எழுதுகிறார். அந்த வெடிப்புகளுக்குக் கீழே படுத்தவர்களுக்கு அது பகிடியாக இருந்திருக்காது.

இந்த நகரத்தில்தான் "பிரேத்தர்" எனப்பட்ட நீதி அதிகாரிகள் ஒரு முக்கியமான விதியைக் கொண்டுவந்தார்கள். வீதியால் போகிறவர் மீது ஜன்னலில் இருந்து ஏதாவது விழுந்தாலோ ஊற்றப்பட்டாலோ, எறிந்தது யார் என்று தேட வேண்டியதில்லை. அந்த அறையில் குடியிருப்பவரே பொறுப்பு. பொருள் சேதமென்றால் இரண்டு மடங்கு. சுதந்திரப் பிரஜை ஒருவர் செத்தால் 50 பொற்காசு. காயமென்றால் நீதிபதி நியாயமாக மதிப்பிடும் தொகை. எறிந்தது வேறு ஆளென்றால், குடியிருப்பவர் முதலில் காசைக் கட்டிவிட்டு அந்த ஆளிடம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

ஏன் இப்படி? இருட்டில் சட்டி ஒன்று தலையில் விழுந்தால், அடிபட்டவரால் ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. ஆனால் எந்த வீடு என்று காட்டலாம். ஆதாரம் தேடுகிற சுமையை விழுந்தவரின் தோளில் இருந்து வீட்டில் இருப்பவரின் தோளுக்கு மாற்றினார்கள். பயமில்லாமல் வீதியால் போவது எல்லாருக்கும் உரிய நன்மை என்று ரோம் சட்ட அறிஞர் உல்பியன் இதற்கு விளக்கம் சொன்னார்.

இன்னும் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. விழுந்தால் ஆளைக் காயப்படுத்தக்கூடிய எதையும் வீதிக்கு மேலே வைக்கவோ தொங்கவிடவோ கூடாது. விழாவிட்டாலும் தண்டம், வழக்கை யாரும் போடலாம். அயல்வீடு விழப்போகிற நிலையில் இருந்தால், விழமுன்னரே பிரேத்தரிடம் போய் அந்த வீட்டுக்காரரிடம் பிணை உத்தரவாதம் கேட்கலாம். அவர் மறுத்தால் அந்தக் கட்டடத்துக்குள் நுழைகிற உரிமை முறையிட்டவருக்குக் கொடுக்கப்படும். அதாவது, எலும்பு முறியும்வரை சட்டம் காத்திருக்கவில்லை. "நாலாவதில கவனம்" என்று ஒன்றரை வருஷம் சொல்லிக்கொண்டிருந்த எங்களுக்கு இதை வாசிக்க வெட்கமாக இருந்தது.

சட்டம் இருந்ததால் எல்லாம் சரியாக நடந்தது என்றில்லை. கி.பி. 27இல் ரோமுக்குப் பக்கத்தில் ஃபிடினே என்ற ஊரில் அத்திலியஸ் என்பவர் காசு சம்பாதிக்க ஒரு மர அரங்கம் கட்டினார். அத்திவாரம் உறுதியில்லை, மரங்கள் சரியாகப் பொருத்தப்படவில்லை. நிறைந்த கூட்டத்தோடு அது விழுந்தது. செத்தும் முடமாகியும் போனவர்கள் 50,000 பேர் என்று வரலாற்றாசிரியர் தசிட்டஸ் எழுதுகிறார். அந்தக் காலத்து எண்ணிக்கைகளை அப்படியே நம்பத் தேவையில்லை, ஆனாலும் பேரழிவு என்பதில் சந்தேகமில்லை. அத்திலியஸ் நாடுகடத்தப்பட்டார். நாலு லட்சம் செஸ்டர்ஸ் சொத்து இல்லாதவர் இனி வாள்வீரர் காட்சி நடத்தக் கூடாது, நிலத்தின் உறுதி பார்க்காமல் அரங்கம் கட்டக் கூடாது என்று செனட் தீர்மானித்தது. சனம் செத்த பிறகுதான் விதி வரும் என்பது அன்றைக்கே தொடங்கிய வழக்கம் போல.

தழும்புக்கு என்ன விலை?

ரோம் சட்டத்தில் எங்களை நிறுத்தி வைத்த இடம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர் கையஸ், ஜன்னலில் இருந்து விழுந்த பொருளால் காயப்பட்டவருக்கு நட்டஈடு கணக்கிடுவது எப்படி என்று சொல்கிறார். வைத்தியருக்குக் கொடுத்த காசு, சிகிச்சைச் செலவு, இழந்த வேலை நாள், இனிமேல் இழக்கப்போகிற வேலை நாள், எல்லாம் கணக்கில் வரும். ஆனால் தழும்புக்கும் அழகு கெட்டதற்கும் எதுவும் இல்லை. சுதந்திர மனிதரின் உடலுக்கு விலை மதிக்க முடியாது என்பது அவர் காரணம்.

முதலில் வாசிக்கும்போது உயர்ந்த கருத்தாகத்தான் தெரிந்தது. மனித உடல் சந்தைப் பொருள் இல்லை, சரிதானே. பிறகு யோசித்தோம். அடிமையின் உடலுக்கு மட்டும் ரோமில் விலை இருந்தது. அடிமைக்குக் காயமென்றால் சொந்தக்காரருக்குக் காசு. சுதந்திர மனிதருக்கோ மரியாதை மட்டும். எங்கட தோழி இன்றைக்கும் ஃபோட்டோ எடுக்கும்போது நாடியைச் சால்வையால் மறைக்கிறாள். விலை மதிக்க முடியாதது என்று சொல்லி ஒன்றுமே கொடுக்காமல் விடுவது என்ன மாதிரியான மரியாதை?

இதே கேள்வி ஆயிரத்து ஐந்நூறு வருஷம் கழித்து ஒல்லாந்தில் ஒரு கைதிக்கும் வந்திருக்கிறது. ஹியூகோ குரோசியஸ் அரசியல் காரணத்தால் ஆயுள் தண்டனை பெற்று லூவெஸ்டைன் கோட்டையில் அடைக்கப்பட்டிருந்தவர். 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பிப்போன கதையால் பலருக்கு அவரைத் தெரியும். அந்தச் சிறையில் இருந்துதான் ஒல்லாந்துச் சட்டத்துக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். 1631இல் அது அச்சில் வந்தது. ரோம் சட்டத்தையும் ஒல்லாந்து வழக்கங்களையும் சேர்த்த அந்த நூலில் ஜன்னல் விதியும் இருக்கிறது. தழும்பு பற்றிய பதில் மட்டும் மாறிவிட்டது. உடலின் வலியும் உருக்கேடும் உண்மையில் ஈடுசெய்ய முடியாதவைதான், ஆனாலும் கேட்டால் அவை காசாக மதிக்கப்படும் என்கிறார் குரோசியஸ்.

"கேட்டால்" என்ற சொல்லை ஞாபகம் வைத்திருங்கள். கடைசியில் திரும்பி வருவோம்.

கப்பலில் வந்த சட்டம்

இந்தச் சட்டம் எங்களிடம் எப்படி வந்தது? ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடம் இருந்து பிடித்தார்கள். அவர்களோடு றோமன் டச்சுச் சட்டமும் வந்தது. தேசவழமை 1707இல் தொகுக்கப்பட்டதும் அவர்கள் காலத்தில்தான், ஆனால் அது காணி, சீதனம், முதுசம் பற்றிப் பேசுகிற அளவுக்கு இப்படியான காயங்களைப் பற்றிப் பேசவில்லை. 1796இல் ஆங்கிலேயர் வந்தபோதும் பழைய சட்டத்தைத் தூக்கி எறியவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் இருந்த சட்டங்கள் தொடரும் என்று 1799 செப்டெம்பர் 23 பிரகடனம் சொன்னது. அதனால்தான் ஒல்லாந்து நாட்டிலேயே வழக்கொழிந்த றோமன் டச்சுச் சட்டம் இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்றைக்கு எங்கட நாட்டில் ஒருவரின் கவனயீனத்தால் நட்டம் வந்தது என்று வழக்குப் போட்டால், அதன் அடித்தளம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் "லெக்ஸ் அக்குவிலியா" என்ற ரோம் சட்டம்தான்.

ஆனால் ஆங்கிலேயர் தங்கட தீர்ப்புகளையும் கொண்டுவந்தார்கள். இலங்கை நீதிமன்றங்களில் அவையும் எடுத்துக்காட்டப்பட்டு வந்தன. அதனால் அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், காயப்பட்டவர் உன் கட்டடத்துக்குள் என்னவாக வந்தார் என்பதுதான் முதல் கேள்வி. 1866இல் தீர்ந்த வழக்கு ஒன்றில், சீனி ஆலைக்கு காஸ் கருவி பார்க்க வந்த தொழிலாளி மேல்மாடியில் வேலி இல்லாத துவாரத்தால் கீழே விழுந்தார். நீதிபதி வில்ஸ், வியாபார விஷயமாக வந்தவருக்கு வழமைக்கு மாறான ஆபத்தில் இருந்து பாதுகாப்புக் கொடுக்க வேண்டிய கடமை இருப்பவருக்கு உண்டு என்றார். நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குப் பிறகு மனிதர்கள் மூன்று தட்டுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். வேலையாக அழைக்கப்பட்டவர், அனுமதியோடு சும்மா வந்தவர், அத்துமீறி நுழைந்தவர். கீழே போகப் போகப் பாதுகாப்பும் குறையும், இன்சுலா மாதிரித் தலைகீழாக.

இதன் கொடூரம் 1929இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஸ்கொட்லாந்தில் நிலக்கரிச் சுரங்கமொன்றின் பக்கத்து வயலில் பிள்ளைகள் வழக்கமாக விளையாடுவார்கள். நாலு வயதுப் பையன் ஒருவன் அங்கிருந்த இழுவைச் சில்லில் நசுங்கிச் செத்தான். அத்துமீறி நுழைந்தவன் என்பதால் கம்பனி பொறுப்பில்லை என்று பிரபுக்கள் சபை தீர்த்தது. நாலு வயது!

மாற்றம் மெதுவாக வந்தது. 1957இல் இங்கிலாந்து சட்டம் இயற்றி முதல் இரண்டு தட்டுகளையும் ஒன்றாக்கியது. முறைப்படி வருகிற எல்லாருக்கும் ஒரே அளவு கவனம் காட்டப்பட வேண்டும். பிள்ளைகள் பெரியவர்களை விடக் கவனக்குறைவாகத்தான் இருப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டும். எச்சரிக்கை செய்தாலும் அது மட்டும் போதாது, அந்த எச்சரிக்கையால் ஒருவர் உண்மையில் பாதுகாப்பாக இருக்க முடிந்திருக்க வேண்டும். இருட்டில், கைபிடி இல்லாத படியில், வேறு வழியே இல்லாத இடத்தில் "பார்த்து இறங்கு" என்பது எந்த வகை எச்சரிக்கை என்று நீங்களே சொல்லுங்கள். 1972இல், உடைந்த வேலியால் நுழைந்து மின்சாரத் தண்டவாளத்தில் கருகிய ஆறு வயதுப் பையனின் வழக்கில் பிரபுக்கள் சபை தன் பழைய நிலையை விட்டு இறங்கியது. அத்துமீறியவரும் மனிதர்தான் என்ற பொதுவான மனிதாபிமானம் அங்கே பேசப்பட்டது.

பழைய கோபுரமும் பூட்டிய கதவும்

எங்கட பக்கத்துக்கு இன்னும் கிட்ட வருவோம். டில்லி சாந்தினி சௌக்கில் மாநகராட்சிக்குச் சொந்தமான மணிக்கூட்டுக் கோபுரம் 1950களின் தொடக்கத்தில் இடிந்து விழுந்து ஆட்கள் செத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1966இல் தீர்ந்தது. கோபுரத்துக்கு ஏறத்தாழ 80 வயது. அந்தச் சாந்துக்கட்டின் ஆயுளோ 40, 45 வருஷம்தான் என்று நிபுணர் சொன்னார். பழுது வெளியில் தெரியவில்லை என்று மாநகராட்சி வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. பொதுவீதியோரத்தில் பழைய கட்டடம் வைத்திருப்பவர் பழுது தெரியும்வரை காத்திருக்கக் கூடாது, தேடிப் பார்க்க வேண்டும். கோபுரங்கள் தானாக விழுவதில்லை, விழுந்ததே கவனயீனத்துக்குச் சாட்சி.

ஆனால் தீர்ப்புகளை மட்டும் வாசித்தால் உலகம் திருந்திவிட்டது போலத் தோன்றும். 1911 மார்ச் 25, நியூயோர்க்கில் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் செத்தார்கள். பெரும்பாலானோர் எங்கட வயதுப் பெண்கள், வேறு நாட்டில் இருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரு வாசல் கதவு பூட்டியிருந்தது. தொழிற்சாலை முதலாளிகள் இருவரும் குற்ற வழக்கில் விடுதலையானார்கள். 1914இல் சிவில் வழக்கு உயிருக்கு 75 டொலர் என்று முடிந்தது. பூட்டிய கதவைப் பற்றிச் சட்டம் இல்லாமல் இல்லை. பார்க்க ஆள் இல்லை, கேட்க வலு இல்லை.

எங்கட நாட்டில், இன்றைக்கு

வழக்கறிஞர் அல்லாத நாங்கள் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறோம். இலங்கையில் வீட்டுக்காரர் என்பதாலேயே ஒருவர் பொறுப்பாளி ஆகிவிடுவதில்லை. கவனயீனம் காட்டப்பட வேண்டும். ஆபத்து தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டியதா, தடுக்க என்ன செய்தார் என்று பார்ப்பார்கள். வாடகைக்குக் கொடுத்த இடத்தை இருக்கத்தக்க நிலையில் வைத்திருக்கிற கடமையும் றோமன் டச்சுச் சட்டத்தில் வீட்டுக்காரருக்கு உண்டு. விழுந்தவரிலும் பிழை இருந்தால்? 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவருடைய பங்கு அளவுக்கு நட்டஈடு குறையும், முழுதாக இல்லாமல் போகாது. அன்ரியின் "பாத்து இறங்கியிருக்கலாம்தானே" என்பதற்குச் சட்டத்தில் இருக்கிற இடம் அவ்வளவுதான்.

இன்னொன்று முக்கியம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, இப்படியான நட்டத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குப் பிறகு கதவு அடைபடும். ஆகவே விபத்து நடந்த இடத்தைப் படமெடுத்து வைப்பது, ஆஸ்பத்திரித் துண்டுகளைப் பத்திரப்படுத்துவது, திருத்தச் சொல்லிக் கேட்பதை எழுத்தில் கேட்பது எல்லாம் சின்ன விஷயம் இல்லை. நேரே கோட்டுக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. மத்தியஸ்த சபை இருக்கிறது. வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு தோழியிடம் சொன்னோம். அவள் சிரித்தாள். "கோடு கச்சேரி எண்டு போனா அம்மா செத்திடுவா. பிறகு எனக்கு ஆர் றூம் தருவினம்?" அவள் சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை. கம்பஸுக்குப் பக்கத்தில் அறை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். அன்ரியும் பணக்காரி இல்லை. மகன் அனுப்புகிற காசிலும் எங்கட வாடகையிலும்தான் அந்த வீடு ஓடுகிறது.

ஆனால் ஒன்று செய்தோம். ஆறு பேரும் கையெழுத்து வைத்து, படி, கைபிடி, வெளி மின்குமிழ் என்று மூன்றையும் குறிப்பிட்டு, திகதி போட்டு ஒரு கடிதம் கொடுத்தோம். ஒரு கிழமை அன்ரி எங்களோடு கதைக்கவில்லை. அடுத்த கிழமை வெல்டிங் கடைப் பொடியன் ஒருத்தன் கம்பியோடு வந்தான். அடுத்த மாதம் வாடகை ஐந்நூறு ரூபா கூடியது. இப்போது படி முழுதாக இருக்கிறது, பிடித்து இறங்கக் கம்பியும் இருக்கிறது.

அந்தக் கடிதத்தை நாங்கள் ஒரு வருஷம் முன்னமே எழுதியிருக்கலாம். அதற்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டிய தேவைகூட இல்லை.

தோழியின் தழும்பு அப்படியே இருக்கிறது. குரோசியஸ் சொன்னபடி கேட்டால் அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. வருகிற மாசியோடு இரண்டு வருஷம் முடியும். கேட்பதா விடுவதா என்பது அவளுடைய முடிவு, நாங்கள் நெருக்கவில்லை. கேட்கிற உரிமை அவளுக்கு இருக்கிறது என்பதை மட்டும் திரும்பவும் ஒருக்கால் சொல்லி வைத்திருக்கிறோம்.